கொல்லிமலைப் பாதை

கொல்லிமலைப் பாதை என்பது, நாமக்கல் மாவட்டத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்த கொல்லிமலையைச் சமவெளியோடு இணைக்கும் மலைச்சாலை. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி ஆகிய ஊர்களைக் கடந்து, அடிவாரமான காரவள்ளியிலிருந்து ஏறத் தொடங்கும் இச்சாலை, 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிச் சோளக்காட்டை அடைந்து, பின்பு செம்மேட்டுக்குச் செல்கிறது. மலையின் மேற்பரப்பு ஏறக்குறைய 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் சமதளம்போல் விரிந்திருக்க, அதன் விளிம்போ செங்குத்தாக இறங்குவதால், சாலை சரிவின்மேல் மடிந்து மடிந்தே ஏற வேண்டியிருக்கிறது. முள்ளுக்குறிச்சி வழியாக மற்றொரு சாலையும் உண்டு.

வல்வில் ஓரி ஆண்ட இம்மலையை, காரி என்னும் அரசன் அவனைக் கொன்று சேரனுக்கு அளித்தான் என்பது சங்க நூல்களால் விளங்கும் சரித்திரம். அரசர்கள் போரிட்டுக் கைமாற்றிக்கொண்ட மலையாயினும், வண்டி ஏறும் மார்க்கம் அண்மைக் காலத்தில்தான் அமைந்தது. அதற்குமுன், மிளகையும் பலாப்பழத்தையும் தலைச்சுமையாக ஒற்றையடிப் பாதைகளில் இறக்கிய மலையாளிப் பழங்குடி மக்களின் கால்களே இங்கே போக்குவரத்துச் சாதனம். ஆடிப் பதினெட்டை ஒட்டி நிகழும் ஓரி விழாவுக்கும், மலைமேலுள்ள அறப்பளீஸ்வரர் கோயில் தரிசனத்துக்கும் வரும் ஜனத்திரள் இன்று பேருந்திலேயே ஏறிவிடுகிறது.

நீலகிரிக்கு வாய்த்த ரயில் கொல்லிக்கு வாய்க்கவில்லை. லாரித் தொழிலால் பிரசித்தி பெற்ற நாமக்கல்லிலேதான் 44ஆம் தேசிய நெடுஞ்சாலையும், 2013இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட சேலம்–கரூர் ரயில் பாதையும் இம்மலைச்சாலையின் சரக்கை எதிர்கொள்கின்றன. கொல்லியின் பாதை இணைப்பது ஒரு மலையைத்தான், ஆனால் அம்மலையின் விவசாயத்தையே அது மாற்றியமைத்தது என்பதால் இதை அற்பமென்று தள்ளுதல் தகாது.

லாரி ஏறத் தொடங்கியதும் மரவள்ளிக் கிழங்கும் ஏறியது என்னலாம். சேலம், நாமக்கல் பிரதேசங்களின் ஜவ்வரிசி ஆலைகள் அதை ரொக்கத்துக்கு வாங்கிக்கொள்ள, வீட்டு உணவுக்காகத் தினை, சாமை, கேழ்வரகு விளைந்த நிலங்கள் பெரும்பாலும் கிழங்குக்குப் போயின. கையால் குத்திப் புடைக்கும் சிரமமும் பெண்களைத் தானியத்திலிருந்து விலக்கியது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், அத்தானியங்களை மலையிலேயே பக்குவப்படுத்தும் இயந்திரங்களைச் சுயஉதவிக் குழுக்கள் நடத்த உதவிய பின்பு, சாமையும் தினையும் அதே சாலை வழியாக விலைப்பொருளாய் இறங்குகின்றன; அளவில் மட்டும் அவை கிழங்குக்கு ஈடாகவில்லை.