மிதிபலகை

மிதிபலகை என்பது மோட்டார் வண்டியின் இருபுறமும், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே, கதவின் கீழ்விளிம்பை ஒட்டிப் புறத்தே நீண்டு, ஏறுவோர்க்கும் இறங்குவோர்க்கும் நடுப்படியாக உதவும் பலகை, தகடு அல்லது குழாயாகும். வண்டிக்காரர்கள் இதனைப் பொதுவில் ‘ஃபுட்போர்டு’ என்றும், கடையில் வாங்கித் தனியே மாட்டும் புதுவகையைச் ‘சைடு ஸ்டெப்’ என்றும், பேச்சுவாக்கில் வெறுமனே ‘படி’ என்றும் வழங்குவர். பிற ஊர்களில் பெரும்பாலும் அலங்காரத்தின் பாற்பட்டதாகக் கருதப்படும் இச்சிறு உறுப்பு, உப்பளமும் மீன்துறையும் துறைமுகமும் ஒருங்கே அமைந்த தூத்துக்குடிக் கரையில், உப்போடு ஓயாது போராடவேண்டிய உறுப்பாகிவிடுவதால், இதனைத் தேர்ந்தெடுப்பதிலும் பொருத்துவதிலும் இங்கு தனிக் கவனம் அவசியமாகிறது.

குதிரை வண்டியின் இரும்புப் படியே மிதிபலகையின் மூதாதை. 1908 முதல் 1927 வரை தயாரிக்கப்பட்ட ஃபோர்டு ‘மாடல் டி’ போன்ற ஆதிகால மோட்டார்களில், முன் மட்கார்டையும் பின் மட்கார்டையும் இணைத்து ஓடிய நீண்ட பலகை, காலுக்குப் படியாக மட்டுமன்றி, சேற்றைத் தடுக்கும் மறைப்பாகவும், எண்ணெய்த் தகரமும் கருவிப்பெட்டியும் கட்டிவைக்கும் திண்ணையாகவும் பயன்பட்டது. 1930களின் பிற்பகுதியிலிருந்து காரின் உடல் அகன்று மட்கார்டின் விளிம்புவரை வந்துவிடவே, பலகை அவ்வுடலுக்குள் விழுங்கப்பட்டது. ஆனால் ஃபோக்ஸ்வாகன் ‘வண்டு’ 2003இல் தன் உற்பத்தி முடியும்வரை அதனை விடாப்பிடியாக வைத்திருந்தது. நம் சாலைகளை நெடுங்காலம் ஆண்ட அம்பாசிடருக்கு மிதிபலகை இல்லை. கார்களில் மறைந்த அது உயரமான வண்டிகளின் வழியே மீண்டும் வந்தது. 1988இல் வெளிவந்த டாடா மொபைல், பின்வந்த மஹிந்திரா பொலிரோ பிக்கப், ஆந்திரத்து ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுசு டி-மேக்ஸ் ஆகியவற்றின் தளம் தரையிலிருந்து உயர்ந்து நிற்பதால், வேட்டி கட்டியவரும் சேலை உடுத்தியவரும் முதியவரும் ஏற ஒரு நடுப்படி தேவைப்பட்டது. 2005இல் அறிமுகமாகித் தமிழ்நாட்டில் ‘குட்டி யானை’ என்று செல்லப்பெயர் பெற்ற டாடா ஏஸ், தாழ்வான வண்டியாதலால், அத்தேவையை அவ்வளவாக உணரவில்லை.

முள்ளக்காடு, பழையகாயல், ஆறுமுகநேரி, வேப்பலோடை, தருவைகுளம் என்று கடலோரம் நெடுகப் பரந்துகிடக்கும் உப்பளங்களுக்குள் போய்வரும் வண்டிக்குப் படி வாங்குபவர், முதலில் உப்பின் குணத்தை அறிந்துகொள்ளுதல் நலம். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ நூற்றுக்கு 75 என்ற அளவைத் தாண்டியதும், காற்றிலிருந்தே நீரை வாங்கித் தானே உவர்நீராகக் கரையும் இயல்புடையது. கடலோர விடியற்காலைகளில் அந்த அளவு எளிதில் எட்டப்படுவதாகையால், முதல்நாள் பகலில் வெள்ளைப் பொடியாக ஒட்டியிருந்தது மறுநாள் வண்டி எடுக்கும் வேளையில் ஈரப்படலமாக இரும்பை அரித்துக்கொண்டிருக்கும். இதனினும் கொடியது, பாத்தியில் உப்பு எடுத்தபின் எஞ்சும் கசப்பு நீர். உவர்நீரின் அடர்த்தி, அடர்த்திமானியில் சுமார் 25 டிகிரியை அடையும்போது உப்புப் படியத் தொடங்குகிறது. 29, 30 டிகிரியை எட்டும்போது மிஞ்சிய நீரை வெளியேற்றிவிடுகிறார்கள். அந்நீரில் செறிந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு, ஈரப்பதம் நூற்றுக்கு 33 இருந்தாலே காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். தூத்துக்குடியின் கோடை நண்பகலிலுங்கூட அத்துணை வறட்சி அரிது. ஆகவே அந்நீர் தெறித்த போல்ட்டு, வெயிலில் நாள் முழுதும் நின்றாலும், உலர்வதே இல்லை என்று சொல்லலாம். உள்நாட்டில் பல்லாண்டு உழைக்கும் படி இங்கு சீக்கிரமே உதிர்வதற்கு மழையைக் குறைசொல்வோர் உண்டு. வாடைக்காலத்து மழை உண்மையில் அதைக் கழுவிவிட்டு உபகாரமே செய்கிறது.

கடையில் கிடைக்கும் படிகளை உலோகத்தால் பாகுபடுத்துவது இக்கரைக்கு ஏற்றது. கறுப்புப் பவுடர் பூச்சிட்ட இரும்புப் படி விலையில் மலிவு. ஆனால் சரளைக் கல் தெறித்துப் பூச்சில் கடுகளவு துளை விழுந்தாற் போதும், துரு அப்பூச்சுக்கு அடியிலேயே நாலாபக்கமும் ஊர்ந்து பரவ, மேலே பளபளப்புக் குறையாமலே உள்ளே தகடு மெலிந்துபோகும். எவர்சில்வர் குழாய் என்று விற்கப்படுவனவற்றுள் பல 202 ரகத்தைச் சேர்ந்தவை. நிக்கல் குறைந்த அவை கடற்காற்றில் பழுப்பு நிறக் கறை பூத்து, நாளடைவில் குழிபட்டுப்போகின்றன. 304 ரகம் அதனினும் மேல். நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு மாலிப்டினம் கலந்த 316 ரகமே உப்பைத் தாங்குவதில் சிறந்தது, விலையும் அதற்கேற்பவே. காந்தம் ஒட்டவில்லையென்றால் நல்ல சரக்கு என்று கடைக்காரர் காட்டும் சோதனை பிரயோஜனமற்றது. 202, 304 இரண்டிலுமே காந்தம் சரியாக ஒட்டாது. அலுமினியம் இலேசானது, துருப்பிடிக்காதது. எனினும் வேறு உலோகத்தோடு சேர்த்து முறுக்கிய இடத்தில் வெண்பொடியாகக் கரைந்துவிடும். உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்புத் தகடோ, கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தன்னை முதலில் பலிகொடுத்து இரும்பைக் காப்பதால், அழகு குறைந்ததாயினும் இவ்வூர்ச் சரக்கு வண்டிக்கு எல்லாவற்றினும் ஏற்றது என்பது இக்கட்டுரையாளர் அபிப்பிராயம்.

உலோகங்களைக் கலப்பதில் ஒரு விதி உண்டு. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் உவர்நீரில் தொட்டுக்கொண்டு நின்றால், மின்கலத்தில் நிகழ்வதுபோல, ஒன்று மற்றொன்றின் பொருட்டு அரிபடும். அரிபடுவது சிறியதாகவும் மற்றது பெரியதாகவும் இருப்பின் நாசம் துரிதமாகும். பெரிய எவர்சில்வர் படியைச் சின்ன இரும்புப் போல்ட்டால் பிடித்துவைப்பது இவ்வகையில் மிகப் பெரிய தவறு: படி கண்ணாடிபோல் மின்னிக்கொண்டிருக்கையிலேயே போல்ட்டு பென்சில் முனையாய்த் தேய்ந்து, ஒருநாள் மிதித்தவரோடு படி கழன்றுவரும். அத்தகைய சேர்க்கையைத் தவிர்க்க இயலாதபோது, இடையே நைலான் வாஷரும் ரப்பர்த் தகடும் வைத்து, மரையில் கிரீஸ் தடவி முறுக்கவேண்டும்.

உருவத்தைப் பற்றி நோக்குமிடத்து, இப்பொழுது நாகரிகமாய் விளங்குவது உருண்டைக் குழாய். இவ்வூர் மீன்துறையான திரேஸ்புரத்தில் விடியுமுன் நின்று பார்ப்பவருக்கு அதன் குறை சொல்லாமலே விளங்கும்: ஐஸ் பெட்டியிலிருந்து ஒழுகும் மீன்நீர் பின்பலகை வழியே படிமேல் சொட்டிக்கொண்டிருக்க, ரப்பர்ச் செருப்பில் செதிலும் நீருமாக ஓடிவரும் சுமைதூக்கி, குழாயின் முதுகில் காலை வைத்ததும், கால் உட்பக்கம் சறுக்கிக் கதவுக்கும் குழாய்க்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோன இதே கடலில், குளியாளை அடியாழத்துக்கு இறக்கிய கல்லுக்கும் கால் நுழைக்க ஒரு கயிற்று வளையம் இருந்தது. வழவழப்பான பரப்பு ஈரக்காலை ஏமாற்றும் என்பதைக் கரையோரத்தார் மோட்டார் வருவதற்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தனர் போலும். ஆகவே 15 சென்டிமீட்டர் அகலத்துக்குக் குறையாத தட்டைப் பலகையே வேண்டும். அதிலும் நீர் தங்காமல் வடியத் துளைகளிட்டு, துளையின் விளிம்பை மேல்நோக்கிப் பிதுக்கிய தகடு, பூவேலை செய்த செக்கர் பிளேட்டைக் காட்டிலும் பிடிப்புத் தரும். மேலே ஒட்டும் ரப்பர் விரிப்பு பார்வைக்குப் பத்திரமாகத் தோன்றினும், அதன் அடியில் உப்புநீர் நிரந்தரமாகக் குடியேறிவிடும். குழாயே வேண்டுமென்று பிடிவாதம் கொண்டோர், அதன் அடிப்பக்கத்தில் வடிதுளை உண்டா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்கவேண்டும். இரு நுனியிலும் பிளாஸ்டிக் மூடியிட்டு அடைத்த குழாய் உள்ளிருந்தே அழுகும். கதவைத் திறந்தால் மோட்டாரினால் தானே இறங்கிவரும் படிகளும் இப்போது உண்டு. அவற்றின் கீல்களுக்குள் உப்புமண் புகுந்தபின் என்ன ஆகும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

உயரம், தரைக்கும் வண்டித் தளத்துக்கும் நடுவாக அமைவது உத்தமம். தளம் 70 சென்டிமீட்டர் உயரமாயின் படி 35இல் நிற்கவேண்டும் என்பது கணக்கு. ஆயினும் உப்பளக் கரைகளின் மேடுபள்ளத்தில் வண்டியின் நடுவயிறு தட்டும் அபாயம் இருப்பதால் 40 வரை உயர்த்திக்கொள்ளலாம். இந்த உயர அளவைப் பாரம் ஏற்றி வில் தாழ்ந்த நிலையில் எடுக்கவேண்டும். வெறும் வண்டியில் அளந்து மாட்டிவிட்டுப் பின்னர் வருந்துவோர் பலர். பலகையின் வெளிவிளிம்பு மட்கார்டின் விளிம்பைத் தாண்டி நீளுமாயின், சந்துகளில் எதிர்ப்படுவோரின் முழங்காலுக்குத் தீங்காகும்.

பொருத்தும் வேலையில் பலமே பிரதானம். 80 கிலோ எடையுள்ள ஒருவர், வண்டியின் பிடிப்பிலிருந்து 30 சென்டிமீட்டர் வெளியே தள்ளிய விளிம்பில், தாங்கியின் நேர்மேலே நிற்பதாகக் கொள்வோம். அத்தாங்கியின் மேல் போல்ட்டும் கீழ்ப் போல்ட்டும் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால், நெம்புகோல் விதிப்படி மேல் போல்ட்டு 240 கிலோ இழுப்பைத் தாங்கவேண்டும். அவர் மூட்டையோடு தொப்பென்று குதித்தால் அது இருமடங்குக்கும் மேலாகலாம். கதவடித் தகடு இவ்விழுப்புக்கு ஏற்றதன்று. வண்டியின் முதுகெலும்பான சேசிஸிலிருந்தே, பக்கத்துக்கு மூன்று தாங்கிகளாயினும் கொடுத்து, படியைத் தாங்கவேண்டும். தயாரிப்பாளரே விட்டுள்ள துளைகள் இருப்பின் அவற்றை விட்டு வேறிடம் தேடலாகாது. சேசிஸின் மேல், கீழ் விளிம்புகளில் புதுத்துளை போடுவதும், பட்டறைகளில் வெகு சுலபமாய்ச் செய்துவிடுகிற வெல்டிங்கும், பாரமேறி அதிரும் இரும்பில் விரிசலுக்கு வித்திடும். வேறொரு காரியத்துக்காக வண்டியில் வெல்டிங் செய்ய நேர்ந்தாலும், 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் மின்னணுக் கருவிகள் மிகுதியாதலால், பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டே செய்யவேண்டும்.

துளைகளின் மரையைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, தாங்கிகளின் போல்ட்டுகளைக் கைவிரலால் இயன்றமட்டும் முறுக்கி, பலகையைத் தூக்கிவைத்து, கதவு முழுவதும் திறந்து மூடுகிறதா, ஜாக்கி வைக்கும் இடம் மறையவில்லையா, புகைக்குழாய்க்கும் டீசல் தொட்டிக்கும் விலகி நிற்கிறதா, கதவடியின் வடிதுளைகள் அடைபடவில்லையா என்று பார்த்த பிறகே ஸ்பேனரை எடுக்கவேண்டும். எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி நேர் பார்த்தபின் நடுத்தாங்கியிலிருந்து இருபுறமும் இறுக்கிச் செல்வது முறை; ஓரத்தை முதலில் இறுக்கினால் மறு ஓரத்தின் போல்ட்டு துளைக்கு நேராக வருவதில்லை. 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 25 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பார்ப்பது, தவறாமற் செய்யவேண்டிய காரியமாகவிருந்தும், பெரும்பாலும் செய்யப்படுவதில்லை.

சட்டமும் இவ்வுறுப்பைப் பேர்சொல்லிக் குறிப்பிடுகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 123ஆம் பிரிவு, மிதிபலகையில் ஆளை ஏற்றிச் செல்வதையும், அதில் நின்று பயணம் செய்வதையும் தடைசெய்கிறது. ஆகையால் உப்பு அம்பாரத்திலிருந்து சாலைமுனை வரைதானே என்று ஆட்களைப் படியில் தொற்றவிடும் வழக்கம், தூரம் குறைவென்பதால் குற்றமற்றதாகிவிடாது. அச்சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துவதால், தயாரிப்பாளர் அங்கீகரித்த படியை மாட்டுவோருக்கு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எடுக்கும் காலத்தில் விவாதம் குறையும்.

பராமரிப்பென்பது நல்ல தண்ணீரில் அடங்கியிருக்கிறது. உப்பளத்திலிருந்தோ மீன்துறையிலிருந்தோ திரும்பிய மாலையே, பலகையின் மேற்பரப்பைவிட அடிப்பக்கத்தையும் தாங்கிகள் சேரும் இடுக்குகளையும் நன்றாகக் கழுவிவிட வேண்டும். காச்சான் என்னும் மேல்காற்று மண்ணை வாரியடிக்கும் மாதங்களில் அந்த இடுக்குகளில் மண்ணும் உப்பும் களிபோல் இறுகிவிடுவதால், குச்சியால் நோண்டி எடுத்தாலொழியத் தண்ணீர் உள்ளே போகாது. ஓட்டுநர் வலப்பக்கம் நாளைக்குச் சிலமுறையே ஏறியிறங்க, சுமைதூக்குவோரும் உடன்செல்வோரும் இடப்பக்கத்தையே ஓயாது மிதிப்பதால், பெரும்பாலும் இடப்படியே முதலில் தேய்ந்து கெடுகிறது. இடம், வலம் தாங்கிகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தா. எனவே வாங்கும்போதே, ஒருபக்கத்துப் படி மட்டும் பின்னர்த் தனியே கிடைக்குமா என்று கடையில் கேட்டுக்கொள்வது நல்லது.