கன்ட்ரோல் + சி அழுத்திவிட்டுக் காத்திருக்கிறீர்களா? கீபோர்டு ஷார்ட்கட் மந்தமாவது ஏன், சரிசெய்வது எப்படி?

மாலை 6 மணிக்குள் ரிப்போர்ட் போக வேண்டும். எக்செலில் ஓர் எண்ணை காப்பி செய்கிறீர்கள், மெயிலுக்கு வந்து பேஸ்ட் செய்கிறீர்கள். வந்து விழுவது புது எண் அல்ல, பத்து நிமிடத்துக்கு முன் காப்பி செய்த பழைய எண். கவனித்தால் தப்பித்தீர்கள். கவனிக்காமல் 'சென்ட்' கொடுத்துவிட்டால்?

கம்ப்யூட்டர் மந்தமாக இருப்பதை நம்மில் பலர் வெறும் எரிச்சலாகத்தான் பார்க்கிறோம். "லேப்டாப் பழசாயிடுச்சு, அடுத்த இன்க்ரிமென்ட்ல மாத்திக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால், தாமதமாகும் ஷார்ட்கட் நேரத்தை மட்டும் தின்பதில்லை, தவறுகளையும் உண்டாக்குகிறது. பெரும்பாலும் குற்றவாளி கீபோர்டும் அல்ல, லேப்டாப்பின் வயதும் அல்ல. நடுவில் நிற்கும் வேறொரு மென்பொருள்தான்.

அதைக் கண்டுபிடிப்பது எப்படி? ஆஃபீஸ்களில் அதிகம் புழங்கும் விண்டோஸ் கணினியை வைத்துப் பார்ப்போம்.

ஒரு விநாடி தாமதம் பெரிய விஷயமா?

பயன்பாட்டியல் நிபுணர் ஜேக்கப் நீல்சன் 1993இல் வெளியான தன் புத்தகத்தில் மூன்று எல்லைகளைச் சொல்கிறார். 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் 'உடனே நடந்தது' என்று நமக்குத் தோன்றும். 1 விநாடி வரை தாமதத்தை உணர்வோம், ஆனால் சிந்தனை அறுபடாது. 10 விநாடியைத் தாண்டினால் மனம் வேறு வேலைக்குப் போய்விடும்.

ஒரு சின்ன கணக்கு. நாளைக்கு 300 முறை ஷார்ட்கட் பயன்படுத்துகிறீர்கள், ஒவ்வொன்றும் 1 விநாடி தாமதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 5 நிமிடம். வருடத்துக்கு 240 வேலை நாள் என்றால் 20 மணி நேரம். அதாவது, இரண்டரை வேலை நாள் வெறும் காத்திருப்பிலேயே போகிறது.

விசையை அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது?

நீங்கள் அழுத்தும் விசை நேராக எக்செலுக்கோ பிரவுசருக்கோ போவதில்லை. முதலில் கீபோர்டு டிரைவர், பிறகு விண்டோஸ், அதன் பிறகே திரையில் திறந்திருக்கும் மென்பொருள். இந்த வழியில் சில மென்பொருள்கள் டோல்கேட் போட்டு உட்கார்ந்திருக்கும். இவற்றுக்கு 'ஹூக்' என்று பெயர். விசைகளை மாற்றியமைக்கும் டூல்கள், சுருக்கெழுத்தை முழு வாக்கியமாக விரிக்கும் டூல்கள், சில கண்காணிப்பு மென்பொருள்கள் எல்லாம் இந்த வகை.

டோல்கேட்டில் ஒருவர் மெதுவாக ரசீது கிழித்தால் பின்னால் வரும் எல்லா வண்டியும் நிற்கும் இல்லையா? இங்கேயும் அதே கதைதான். ஒரு ஹூக் பதில் சொல்லத் தாமதித்தால், அடுத்து வரும் எல்லா விசையும் காத்திருக்கும். இதற்கு விண்டோஸ் ஒரு காலக்கெடு வைத்திருக்கிறது. விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து அதிகபட்சம் 1 விநாடி. கெடு தாண்டினால் அந்த ஹூக்கை விண்டோஸ் சத்தமில்லாமல் கழற்றிவிடவும் கூடும். காலையில் வேலை செய்த ஷார்ட்கட் மதியம் எந்த எரர் மெசேஜும் இல்லாமல் செத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

கண்ட செட்டிங்ஸை எல்லாம் மாற்றுவதற்கு முன் நோட்பேடைத் திறந்து வேகமாக நாலு வரி டைப் செய்து பாருங்கள்.

1. சாதாரண எழுத்துகளே தாமதமாக வருகின்றனவா? அப்படியானால் பிரச்னை கீபோர்டு, இணைப்பு அல்லது ஹூக்.

2. எழுத்துகள் சரியாக வந்து, ஒரே ஒரு ஷார்ட்கட் மட்டும் மந்தமா? அந்தச் சேர்க்கைக்கு வேறொரு மென்பொருள் போட்டியிடுகிறது, அல்லது அதைத் திறக்கும் வழியில் தடை.

3. நோட்பேடில் எல்லாம் சரி, எக்செலிலோ பிரவுசரிலோ மட்டும் மந்தமா? அந்த மென்பொருள், அதன் ஆட்-இன் அல்லது அந்த ஃபைல்தான் காரணம்.

இந்தப் பிரிப்பைச் செய்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

எல்லா எழுத்தும் தாமதமாக வந்தால்?

முதல் சந்தேகம், 'ஃபில்டர் கீஸ்'. வலது ஷிஃப்ட் விசையை 8 விநாடி தொடர்ந்து அழுத்திப் பிடித்தால், இதை இயக்கலாமா என்று விண்டோஸ் கேட்கும். யோசித்துக்கொண்டே ஷிஃப்டில் விரலை வைத்திருப்பவர்கள், வந்த பெட்டியைப் படிக்காமல் என்டர் தட்டிவிடுவார்கள். அதன் பிறகு சட்டென்று தட்டும் விசைகளைக் கணினி கண்டுகொள்ளாது. கை நடுக்கம் உள்ளவர்களுக்காக உருவாக்கப்பட்ட நல்ல வசதி இது. தேவைப்படாதவர்களுக்குத்தான் 'கீபோர்டு போச்சு' என்ற பயம். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் > அக்சஸிபிலிட்டி > கீபோர்டு பகுதியில் இதை நிறுத்தலாம். அதன் ஷார்ட்கட்டையும் சேர்த்து அணைத்துவிட்டால் மறுபடி தொல்லை வராது. ஷிஃப்டை 5 முறை தட்டினால் எட்டிப்பார்க்கும் 'ஸ்டிக்கி கீஸ்' வசதியையும் இதே இடத்தில் அணைக்கலாம்.

இரண்டாவது, வயர்லெஸ் கீபோர்டு. யுஎஸ்பி 3.0 சாதனங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்கும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் ஆவணம் வெளியிட்டது. கீபோர்டின் குட்டி ரிசீவரும் வெளி ஹார்ட் டிஸ்க்கும் பக்கத்துப் பக்கத்து போர்ட்டில் இருந்தால் எழுத்துகள் விடுபடலாம். ரிசீவரை வேறு பக்கத்து போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வையுங்கள்.

மூன்றாவது, ஹூக். டாஸ்க் மேனேஜரை கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்தித் திறந்து, ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பகுதிக்குப் போங்கள். நீங்களே நிறுவிய கீபோர்டு டூல்கள், கேமிங் டூல்கள், ஸ்கிரீன்ஷாட் டூல்கள் ஆகியவற்றை அணைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். வேகம் திரும்பினால் ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். எதை இயக்கியதும் மந்தம் திரும்புகிறதோ, அதுதான் ஆள்.

ஒரு ஷார்ட்கட் மட்டும் மந்தமாவது ஏன்?

டெஸ்க்டாப் ஐகானின் பிராபர்ட்டீஸில் போய் கன்ட்ரோல் + ஆல்ட் + ஏதாவதோர் எழுத்து என்று ஷார்ட்கட் வைத்திருக்கிறீர்களா? அதை அழுத்தியதும் விண்டோஸ் உடனே ஆப்பைத் திறப்பதில்லை. ஏற்கெனவே திறந்திருக்கும் ஜன்னல்களில் இந்த விசைக்கு உரியது ஏதாவது இருக்கிறதா என்று முதலில் விசாரிக்கும். அவற்றில் ஒன்று பதில் சொல்லாமல் உறைந்திருந்தால், விசாரணை சில விநாடி இழுக்கும். உங்கள் கால்குலேட்டர் தாமதமாகத் திறப்பதற்குக் காரணம், அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறு ஆப்பாக இருக்கலாம்!

எளிய மாற்றுவழி: அந்த ஆப்பை டாஸ்க்பாரில் பின் செய்துவிடுங்கள். முதல் ஐகானுக்கு விண்டோஸ் + 1, இரண்டாவதுக்கு விண்டோஸ் + 2. தனியாக எந்த ஷார்ட்கட்டும் வைக்கத் தேவையில்லை.

அடுத்தது, போட்டி. கணினி முழுவதற்குமான ஒரு ஷார்ட்கட்டை விண்டோஸில் முதலில் பதிவு செய்யும் மென்பொருளுக்கே அது சொந்தம். பிறகு கேட்பவருக்குக் கிடைக்காது. ஸ்கிரீன்ஷாட் டூல் ஒன்று பிடித்துவைத்த சேர்க்கை, நீங்கள் வேலை செய்யும் ஆப்புக்குப் போய்ச் சேரவே சேராது.

இந்தியப் பயனர்களுக்கு இன்னொரு தனிச் சிக்கல் உண்டு. விண்டோஸின் 'ஆங்கிலம் (இந்தியா)' லேஅவுட்டில் கன்ட்ரோல் + ஆல்ட் + 4 அழுத்தினால் ₹ குறி வரும். அதே சேர்க்கையை கூகுள் டாக்ஸ் நான்காம் நிலைத் தலைப்புக்கு வைத்திருக்கிறது. ஒரே வீட்டுக்கு இரண்டு பட்டா! ₹ குறி உங்களுக்கு அடிக்கடி தேவையில்லை என்றால் 'ஆங்கிலம் (அமெரிக்கா)' லேஅவுட்டுக்கு மாறுவது எளிது.

திடீரென்று தமிழில் டைப் ஆகிறதே?

இரண்டு மொழி வைத்திருக்கும் கணினிகளில் இது அடிக்கடி நடக்கும். இடது ஆல்ட் + ஷிஃப்ட் என்பது மொழி மாற்றும் விசை. எக்செலில் வரிசைகளைக் குழுவாக்க ஆல்ட் + ஷிஃப்ட் + வலது அம்புக்குறி அழுத்தப் போய், பாதியில் கையை எடுத்தால் மொழி மாறிவிடும். பாஸ்வேர்டு பெட்டியில் இருக்கும்போது மாறினால், எழுத்துகள் புள்ளியாகத் தெரிவதால் கண்டுபிடிக்கவும் முடியாது. பல முறை தப்பானால் அக்கவுன்ட் லாக் ஆகவும் கூடும்.

செட்டிங்ஸ் > டைம் அண்ட் லாங்குவேஜ் > டைப்பிங் > அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ் போனால், மொழி மாற்றும் விசையை அங்கே நீக்கலாம். மாற்ற வேண்டியபோது விண்டோஸ் + ஸ்பேஸ் போதும். ஒவ்வோர் ஆப்புக்கும் தனித்தனி மொழியை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதியும் அங்கேயே உண்டு. வாட்ஸ்ஆப்பில் தமிழ், எக்செலில் ஆங்கிலம் என்று இருப்பவர்கள் அதை இயக்கிவைக்கலாம்.

காப்பி செய்தது ஒன்று, பேஸ்ட் ஆனது வேறு: எப்படி?

கிளிப்போர்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் திறக்க முடியும். நீங்கள் கன்ட்ரோல் + சி அழுத்தும் அதே கணத்தில் வேறொரு மென்பொருள் அதைத் திறந்து வைத்திருந்தால், உங்கள் காப்பி தோற்றுப்போகும். எக்செல் சில சமயம் இதைச் சொல்லும். பல மென்பொருள்கள் வாயே திறக்காது. பேஸ்ட் செய்தால் பழைய எண் வந்து நிற்பது இதனால்தான்.

• விண்டோஸ் + வி அழுத்தி கிளிப்போர்டு ஹிஸ்டரியை இயக்குங்கள். கடைசியாக காப்பி செய்த 25 வரை பட்டியலாகத் தெரியும். முக்கியமான எண்ணை அதில் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் தவறு குறையும். ஆனால், காப்பி செய்த பாஸ்வேர்டும் அங்கே தெரியலாம். பலர் பயன்படுத்தும் கணினியில் வேண்டாம்.

• கிளிப்போர்டு டூல் இரண்டு மூன்று வைத்திருந்தால், ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

• ரிமோட் டெஸ்க்டாப்பில் வேலை செய்பவர்களுக்கு காப்பி-பேஸ்ட் திடீரென நின்றுவிட்டால், ரிமோட் கணினியின் டாஸ்க் மேனேஜரில் 'ஆர்டிபிகிளிப்' என்ற புராசஸை நிறுத்தி, மீண்டும் இயக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எக்செல் மட்டும் திணறினால்?

கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே எக்செலைத் திறங்கள். சேஃப் மோடில் திறக்கவா என்று கேட்கும். அதில் வேகமாக இருந்தால் ஏதோவோர் ஆட்-இன்தான் பாரம். அதிலும் மந்தம் என்றால் ஃபைலைப் பாருங்கள். ஆஃப்செட், இன்டைரக்ட், நவ், டுடே போன்ற ஃபார்முலாக்கள் ஷீட்டில் எதை மாற்றினாலும் மறுபடி கணக்கிடப்படும். ஆயிரக்கணக்கில் இருந்தால் ஒவ்வோர் என்டருக்கும் காத்திருக்கத்தான் வேண்டும். திரும்பத் திரும்ப காப்பி-பேஸ்ட் செய்த ஷீட்டில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் விதிகளும் துண்டு துண்டாகப் பெருகியிருக்கும். மேனேஜ் ரூல்ஸ் போய்த் தேவையில்லாததை நீக்குங்கள்.

வேகத்துக்காகக் கணக்கீட்டை 'மேனுவல்' ஆக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. இதில்தான் பெரிய ஆபத்து. எக்செலைத் தொடங்கியதும் முதலில் திறக்கும் ஃபைலின் கணக்கீட்டு முறையே, அடுத்துத் திறக்கும் ஃபைல்களுக்கும் பொருந்தும். சக ஊழியர் அனுப்பிய மேனுவல் ஃபைலை முதலில் திறந்துவிட்டால், உங்கள் ஃபைலிலும் எண்ணை மாற்றினால் கூட்டுத்தொகை மாறாது. அனுப்பும் முன் கீழே ஸ்டேட்டஸ் பாரைப் பாருங்கள். 'கால்குலேட்' என்று இருந்தால் எஃப்9 அழுத்திவிட்டு அனுப்புங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். புது ஃபைலில் கன்ட்ரோல் + எஸ் அழுத்தியதும் வரும் சேவ் திரை மெதுவாக இருந்தால், எஃப்12 அழுத்துங்கள். பழைய 'சேவ் ஆஸ்' பெட்டி நேராக வரும். ஃபைல் > ஆப்ஷன்ஸ் > சேவ் பகுதியில் இதை நிரந்தரமாகவும் மாற்றலாம்.

ஆஃபீஸ் லேப்டாப், அட்மின் உரிமை இல்லை. என்ன செய்வது?

கம்பெனி போட்ட பாதுகாப்பு மென்பொருள்தான் காரணம் என்று தோன்றினாலும், அதை நீங்களே நிறுத்த முயலாதீர்கள். முடியாது, செய்யவும் கூடாது. ஐடி டீமுக்கு டிக்கெட் போடுங்கள். ஆனால், 'சிஸ்டம் ஸ்லோ' என்று இரண்டே வார்த்தையில் போட்டால், 'ரீஸ்டார்ட் செய்யவும்' என்று பதில் வந்து டிக்கெட் மூடப்படும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"திங்கட்கிழமை முதல் எல்லா ஆப்களிலும் விசைகள் சுமார் 1 விநாடி தாமதமாகின்றன. நோட்பேடிலும் அப்படியே. ஃபில்டர் கீஸ் அணைந்திருக்கிறது. வேறு கீபோர்டை மாற்றியும் பார்த்தேன். ரீஸ்டார்ட் செய்ததும் 10 நிமிடம் சரியாக இருந்து, பிறகு மீண்டும் வருகிறது. கடந்த வாரம் நிறுவப்பட்ட அப்டேட்டைச் சரிபார்க்க முடியுமா?"

எப்போதிலிருந்து, எங்கெல்லாம், எவ்வளவு நேரம், என்னென்ன செய்து பார்த்தீர்கள். இந்த நான்கும் இருந்தால், எதிர்முனையில் இருப்பவர் எங்கிருந்து தொடங்குவது என்று தேட வேண்டியதில்லை.

சொந்த லேப்டாப் என்றால், புதிது வாங்க ஆர்டர் போடுவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி இந்தச் சோதனைகளைச் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் புது லேப்டாப்பிலும் அதே டூல்கள், அதே ஆட்-இன்கள், அதே எக்செல் ஃபைல். கொஞ்ச நாளில் அதே மந்தமும் வந்து சேரும்.