எழுபது கிலோமீட்டர் போன தூண்கள்

அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்க்கப் பஸ் ஏறுகிறவர்களில் பலர் செஞ்சி வழியாகத்தான் போகிறார்கள். ஜன்னலில் ராஜகிரி தெரியும். 'அட, கோட்டை!' என்று பார்த்துவிட்டுத் தூங்கிவிடுகிறோம். 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோட்டை அது. அடுத்த தடவை இறங்கிப் பாருங்கள். வீடு கட்டிக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியானால் கட்டாயம் இறங்குங்கள்!

"தரைக்குக் கல்லு போடலாம்னு இருக்கேன். சதுர அடி என்ன விலை?" - நாம் முதலில் கேட்பது இதைத்தான். செஞ்சி வேறொரு கேள்வியைக் கேட்கச் சொல்கிறது: இந்தக் கல் எத்தனை தலைமுறைக்கு?

1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே ராத்திரியில் செஞ்சியைப் பிடித்தார். கோட்டைக்குள் இருக்கும் வெங்கடரமணர் கோயிலின் சிற்பத் தூண்களைப் பெயர்த்து, சுமார் 70 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள் பிரெஞ்சுக்காரர்கள். இன்று கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றனவே, அவைதான்! 1761-ல் செஞ்சி ஆங்கிலேயர் கைக்குப் போனது. நாயக்கர் போனார், பிரெஞ்சுக்காரர் போனார், ஆங்கிலேயரும் போனார். உப்புக் காற்றில் தூண்கள் மட்டும் நிற்கின்றன. காரணம், அவை நம்ம ஊர்க் கருங்கல். அதாவது, கிரானைட்.

எல்லாக் கல்லும் இப்படி உழைக்குமா? உழைக்காது. கடப்பாக் கல் சுண்ணாம்புக்கல் வகை. மார்பிளும் அதற்குச் சொந்தம்தான். புளி, எலுமிச்சை, பாத்ரூம் ஆசிட் பட்டால் பளபளப்பு போய்விடும். கடையில் ஒரு துண்டுக் கல் கேட்டு வாங்குங்கள். ராத்திரி அதன்மேல் பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வையுங்கள். காலையில் தடம் விழுந்திருந்தால், சமையலறைக்கு அது வேண்டாம். கூடத்துக்குப் போடலாம்.

அடுத்தது வழுக்கல். கோட்டைப் படிகளைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டிருந்தால் மழையில் யார் ஏறுவது? பாத்ரூமுக்கும் வாசல்படிக்கும் சொரசொரப்பான கல்லே நல்லது.

கல்லைப் பதிப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, நிறம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அடியில் கலவை முழுக்கப் பரவ வேண்டும். காலி இடம் இருந்தால், கனமான சாமான் விழும்போது அங்கேதான் விரிசல் விடும். காய்ந்த பிறகு ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பாருங்கள். 'டொப் டொப்' என்று பொள்ளல் சத்தம் வருகிறதா? மேஸ்திரிக்குக் கணக்கு முடித்துவிடாதீர்கள்!

பெயின்ட் பிடிக்காவிட்டால் தீபாவளிக்கு மாற்றிக்கொள்ளலாம். தரையை மாற்ற வீட்டையே காலி பண்ண வேண்டும். செஞ்சிக் கல் மூன்று ராஜ்ஜியங்களைப் பார்த்துவிட்டது. உங்கள் வீட்டுக் கல் பேரன் கல்யாணத்தையாவது பார்க்க வேண்டாமா?