பாய்ஸ் கம்பெனியிலிருந்து பறக்கும் தட்டுக்கு

தமிழ்த் திரையில் முதன்முதலாக விண்கலம் ஓட்டியவர் ஒரு வில்லன். 1963 ஏப்ரல் 19-ம் தேதி வெளியான ‘கலை அரசி’ படத்தில், வேற்றுக்கிரகத்திலிருந்து பறக்கும் தட்டில் பூமிக்கு வந்து இறங்கும் ‘தின்’ என்ற பாத்திரத்தில் நடித்தவர் எம்.என்.நம்பியார். கேரளத்தின் தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ராக்கெட் கிளம்பியது அதே ஆண்டு நவம்பர் 21-ல்தான். நம்பியார் ஏழு மாதம் முந்திக்கொண்டார்!

அந்தக் காலத்து மேலைநாட்டுப் படங்களில் வேற்றுக்கிரகவாசிகள் பெரும்பாலும் பூமியைப் பிடிக்கத்தான் வருவார்கள். நம் ஊர்ப் படத்தில் வந்தவர்கள் பாட்டு டீச்சர் தேடி வந்தார்கள். அவர்கள் கிரகத்தில் விஞ்ஞானம் முற்றிப் பழுத்துவிட்டது. சங்கீதமும் நடனமும்தான் கிடையாது. அதனால் நன்றாகப் பாடத் தெரிந்த வாணியை (பி.பானுமதி) தின் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். அவளைக் காதலிக்கும் மோகன், படித்துவிட்டு வயலில் இறங்கி உழைப்பவன். அவனும் பின்னாலேயே அந்தக் கிரகத்துக்குப் போய், கோமாளி வேடத்தில் நுழைந்து காதலியை மீட்கிறான். மோகன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. எம்.ஜி.ஆர். இயக்கம் ஏ.காசிலிங்கம், இசை கே.வி.மகாதேவன்.

யூரி ககாரின் விண்வெளிக்குப் போய்வந்து அப்போது இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1961-ன் கடைசியில் அவர் இந்தியாவுக்கும் வந்துபோனார். பத்திரிகைகளில் ராக்கெட் படம் வராத வாரமில்லை. அந்தச் சூட்டில் ஒரு படம் வந்ததில் வியப்பில்லை. அந்தத் தட்டில் ஏறியவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதில்தான் மதுரைக்குப் பங்கு இருக்கிறது.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா’வைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகம் படித்த இடம் அது. அதையொட்டிய ஆண்டுகளில், சிறுவர்களைப் பழக்கி நாடகம் போட்ட ‘பாய்ஸ் கம்பெனிகள்’ மதுரையின் பெயரைத் தாங்கி வரிசையாகக் கிளம்பின. ஊர் ஊராகக் கொட்டகை போட்டு ஆடிய கம்பெனிகள் இவை. வருஷத்தில் எத்தனை மாதம் மதுரையில் இருந்தன என்று பார்த்தால் குறைவாகவே இருக்கும். ஆனாலும் போர்டில் ‘மதுரை’ என்று இருந்தால் கும்பகோணத்திலும் ஊட்டியிலும் அதற்கு ஒரு தனி மரியாதை.

அவற்றில் இரண்டு நமக்கு முக்கியம். ஒன்று, சச்சிதானந்தம் பிள்ளை நடத்திய மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. வீட்டு வறுமையால் சிறுவயதிலேயே அண்ணன் சக்ரபாணியோடு எம்.ஜி.ஆர். போய்ச் சேர்ந்த இடம். காளி என்.ரத்தினம் அங்கே வாத்தியார், பி.யு.சின்னப்பா அங்கே நட்சத்திரம். இன்னொன்று, நவாப் ராஜமாணிக்கத்தின் மதுரை தேவி பால வினோத சங்கீத சபா. ராமதாஸ் நாடகத்தில் நவாப் வேடம் கட்டி, அந்த வேடமே பெயரோடு ஒட்டிக்கொண்ட மனிதர் அவர். 1919-ல் மலபாரில் பிறந்து ஊட்டியில் வளர்ந்த நம்பியார், பதின்மூன்று வயதுவாக்கில் அந்த சபாவில் சேர்ந்தார். 1935-ல் அதே குழு ‘பக்த ராமதாஸ்’ படத்தில் நடித்தபோது நம்பியாரும் திரைக்கு வந்தார். அதிலே அவருக்குக் கிடைத்தது சிரிப்பு வேடம்!

ஆக, 1963-ல் வானத்தில் மோதிக்கொண்ட இருவருமே மதுரைக் கம்பெனிப் பிள்ளைகள். ஒருவருக்கு 46 வயது, மற்றவருக்கு 44.

பாய்ஸ் கம்பெனிப் பயிற்சி லேசுப்பட்டதல்ல. பாட்டு, வசனம், சண்டை எல்லாவற்றிலும் அடித்துப் பழுக்க வைப்பார்கள். ராஜபார்ட், கள்ளபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று எந்த வேடம் தலையில் விழுந்தாலும் மறுக்க முடியாது. மைக் வராத நாட்களில் கடைசி வரிசை தரை டிக்கெட்காரர் காதுவரை குரல் போய்ச் சேர வேண்டும். நவாப் சபாவில் இதற்கு மேல் தந்திரக் காட்சிகள் வேறு. ‘தசாவதார’மும் ‘கிருஷ்ணலீலா’வும் அந்தக் காட்சிகளுக்காகவே கூட்டம் சேர்த்தன. பின்னால் இருப்பது தட்டியும் துணியும் என்று தெரிந்துகொண்டே, அதை வைகுண்டமாகப் பார்வையாளரை நம்பவைக்க வேண்டியது நடிகன் பொறுப்பு.

பறக்கும் தட்டும் தட்டிதான். ‘கலை அரசி’யின் விண்கலத்தை இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வரும், விஞ்ஞானமும் பல இடங்களில் தடுமாறுகிறது. ஆனால் நம்பியார் ஒரு இடத்திலும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணை உருட்டி, புருவத்தை ஏற்றி, உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்ளும் அவருடைய நடிப்புதான் மற்ற படங்களில் அரண்மனையையும் ஜமீன் பங்களாவையும் மிரட்டியது. பிற கிரகத்தை மிரட்டவும் அதுவே போதுமென்று படம் எடுத்தவர்கள் நினைத்தார்கள். தப்பான கணக்கென்று சொல்ல முடியாது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ‘ஸ்டார் டிரெக்’ தொடர் 1966 செப்டம்பரில் தொலைக்காட்சிக்கு வந்தது, ‘கலை அரசி’க்கு மூன்று ஆண்டுகள் கழித்து. கேப்டன் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர், கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்துப் பழகியவர். பின்னாளில் கேப்டன் பிக்கார்டாக வந்த பேட்ரிக் ஸ்டூவர்ட்டும் இங்கிலாந்தின் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்காரர். கப்பலைத் தரையிறக்கிக் காட்டப் பணமில்லாமல்தான், ஆட்களை ஒளியாகக் கரைத்து இறக்கும் தந்திரத்தையே அந்தத் தொடர் கண்டுபிடித்தது. கையில் காசு குறைவாக இருந்தால் நாடகக்காரரைத்தான் கூப்பிட வேண்டும் என்பது இரு தேசத்துக்கும் தெரிந்திருக்கிறது. ஷாட்னருக்கு மட்டும் ஒரு கூடுதல் யோகம்: 2021 அக்டோபரில், 90 வயதில், ப்ளூ ஆரிஜின் ராக்கெட்டில் நிஜமாகவே விண்வெளியின் விளிம்பைத் தொட்டுத் திரும்பினார்.

நம்பியார் மேலே போனது மலைக்கு. நவாப் ராஜமாணிக்கம் பெரிய ஐயப்ப பக்தர். நாடகம் மூலமாகவே அந்த பக்தியைத் தமிழ்நாட்டில் பரப்பியவர். 1950-ல் சபரிமலைக் கோயில் தீக்கிரையானபின் இன்றுள்ள ஐம்பொன் சிலையை அளித்ததில், மதுரைக்காரரும் நீதிக்கட்சித் தலைவருமான பி.டி.ராஜனோடு சேர்த்துப் பேசப்படும் பெயர் நவாப்பினுடையது. அந்த வழியில் வந்த நம்பியார், ஆண்டு தவறாமல் மலையேறி குருசாமியாக அறியப்பட்டார். மது கிடையாது, மாமிசம் கிடையாது. திரையில் அவர் செய்யாத அக்கிரமம் கிடையாது. 2008 நவம்பர் 19-ல் அவர் காலமானபோது, மாலை போடும் கார்த்திகை மாதம் தொடங்கியிருந்தது.

எம்.ஜி.ஆர். விஷயம் நேர் எதிர். நம்பியார் வேடத்தை மேக்கப் அறையிலேயே கழற்றி வைத்தார், எம்.ஜி.ஆர். அதை வீட்டுக்கும், பிறகு கோட்டைக்கும் அணிந்துகொண்டு போனார். திரையில் பெரும்பாலும் குடிப்பதில்லை, புகைப்பதில்லை. வேற்றுக்கிரகத்துக்கே போனாலும் அவர் ஏர் பிடித்த கை. 1980 பிப்ரவரியில் அவருடைய ஆட்சி கலைக்கப்பட்டு, சில மாதங்களில் தேர்தல் வந்தபோது அவர் நின்று ஜெயித்த தொகுதி மதுரை மேற்கு. சேரா டிக்கி என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1980-களின் நடுவில், ரசிகர் மன்றங்களையும் ஏழை எளியவர்களின் சினிமா ரசனையையும் ஆராயத் தேர்ந்தெடுத்ததும் இந்த ஊரைத்தான். நடிகரும் பாத்திரமும் ஒன்றாகிப்போவதைப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது.

‘கலை அரசி’க்குப் பிறகு தமிழ் சினிமா விண்வெளியை ஏறக்குறைய மறந்தேபோனது. இந்தியில் 1967-ல் டி.பி.சுந்தரம் இயக்கிய ‘சாந்த் பர் சடாயி’யில் மல்யுத்த வீரர் தாரா சிங், கேப்டன் ஆனந்தாக நிலவுக்குப் போனார். தமிழில் முழுநீள விண்வெளிப் பயணம் மறுபடி வந்தது 2018 ஜூனில், ‘டிக் டிக் டிக்’ படத்தில். சக்தி சௌந்தர் ராஜன் இயக்கிய அந்தப் படத்தின் நாயகன் ஜெயம் ரவி. அவருடைய தந்தை எடிட்டர் மோகனுக்குச் சொந்த ஊர் திருமங்கலம். உடன் பறந்த நிவேதா பெத்துராஜ் மதுரையில் பிறந்தவர். தற்செயல்தான், இருக்கட்டும். அந்தப் படத்தை விளம்பரப்படுத்தியபோது ‘இந்தியாவின் முதல் விண்வெளிப் படம்’ என்றார்கள். அது சரியில்லை. 55 ஆண்டுகளுக்கு முன்பே நம்பியார் போய்வந்துவிட்டார்.

பாய்ஸ் கம்பெனிகளின் நோட்டீஸ்களும் புகைப்படங்களும் மதுரை வீடுகளில் இன்னும் டிரங்குப் பெட்டிகளுக்குள் கிடக்கின்றன. உங்கள் தாத்தா நாடகக் கம்பெனியில் இருந்தவர் என்றால், அந்தக் காகிதங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.