பச்சையப்ப முதலியாரின் உயிலும் கல்வி அறத்தின் தோற்றமும்

பச்சையப்ப முதலியாரைக் (1754–1794) கல்வி வள்ளல் என்று குறிப்பிடுவது தமிழகக் கல்வி வரலாற்று நூல்களில் வழக்கமாகிவிட்டது. 1794 மார்ச் 22 அன்று அவர் எழுதிவைத்த உயிலின் மையமோ வேறு. கோயில் வழிபாடு, அன்னதானம் முதலிய சமய அறங்களுக்கே அவர் தம் செல்வத்தை ஒதுக்கினார். ஒன்பது நாட்களில், திருவையாற்றில், நாற்பது வயதளவில் மறைந்தார். அவர் பெயரிலான பள்ளி தோன்ற மேலும் 48 ஆண்டுகள் ஆயின.

தந்தை இறந்தபின் பிறந்தவர் பச்சையப்பர். வறுமையில் வாடிய தாய் பெரியபாளையத்திலும் பின்னர் சென்னையிலும் பிறர் ஆதரவில் அவரை வளர்த்தார். சென்னையில் அவரை ஆதரித்த நாராயண பிள்ளை ஒரு துபாஷி. ஆங்கிலேயர்க்கும் உள்ளூர் வணிகர்க்கும் இடைநின்று பேசிப் பொருளீட்டும் அத்தொழிலையே பச்சையப்பரும் பதின்வயதில் கைக்கொண்டார். பின்னர் தஞ்சையில் வரி, கடன் தொடர்பான கொடுக்கல் வாங்கலில் அவர் செல்வம் பெருகியது. கம்பெனி ஆட்சி வேரூன்றிய காலத்து நிதி நெருக்கடியில் விளைந்த செல்வம் அது என்பதை வள்ளன்மையைப் போற்றும் வரலாறுகள் பெரும்பாலும் விரித்துரைப்பதில்லை.

அவர் மறைவுக்குப்பின் சொத்து வழக்குகளில் சிக்கியது. அறங்கள் தடைப்பட்டன, ஆனால் வட்டி வளர்ந்தது. சென்னை உச்ச நீதிமன்றம் தலையிட்டபோது தொகை ஏறத்தாழ 8 இலட்சம் ரூபாயாகியிருந்தது. உயிலின்படி சமய அறங்களுக்கு ஓர் இலட்சம் வராகன், அதாவது மூன்றரை இலட்சம் ரூபாய், ஒதுக்கப்பட்டது. எஞ்சியதைக் கல்விக்குச் செலவிடும் திட்டம் 1841இல் உருப்பெற்றது; அரசுத் தலைமை வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டனின் பங்கு இதில் குறிப்பிடத்தக்கது. தாமதம் நேராதிருந்தால் இத்தகைய உபரியே இருந்திராது. கல்வி அறத்தின் மூலதனம் கொடையாளியின் விருப்பத்தினும் வழக்கின் நீட்சியால் விளைந்தது எனலாம்.

அந்த உபரி பள்ளிக்குச் சென்றதற்குக் காலச்சூழலும் காரணம். 1841இல் சென்னையில் ஸ்காட்லாந்து மிஷன் பள்ளி மாணவர் இருவர் கிறித்தவம் தழுவியது இந்துக் குடும்பங்களைக் கலங்கச் செய்தது. ஆங்கிலக் கல்வி வேண்டும், மதமாற்றம் கூடாது என்ற நிலையில், 1842 சனவரி 1 அன்று பிராட்வேயில் பச்சையப்பர் பள்ளி தொடங்கியது. ஏழை இந்துச் சிறுவர்க்கு அங்கு ஆங்கிலத்துடன் தமிழும் தெலுங்கும் கற்பிக்கப்பட்டன. 1850இல் கிரேக்கக் கோயிலின் சாயலில் எழுந்த பச்சையப்பன் மண்டபம் அதற்கு இடமாயிற்று.

உயிலின் சமயத் தன்மை இவ்வாறு கல்விக்குள்ளும் வேறுவடிவில் தொடர்ந்தது. 1889இல் முதல்நிலைக் கல்லூரியாக உயர்ந்து, 1940இல் சேத்துப்பட்டுக்கு இடம்பெயர்ந்த பின்னரும், 1947 வரை அந்நிறுவனம் இந்து மாணவரை மட்டுமே சேர்த்துக்கொண்டது.