பூட்டுப் படமும் புலி முத்திரையும்

"ஏண்டா, அதுலதான் பச்சைக் கலர்ல பூட்டு போட்டிருந்துச்சே?"

அத்தை கேட்ட இந்த ஒரு கேள்விக்குத்தான் இவ்வளவு நீளப் பதிவு. கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு குடியிருப்புல முப்பது வருஷமா இருக்காங்க. போன மாசம் செல்போன்ல வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்து, ஏதோ ஒரு தளத்துல பட்டுப்புடவை ஆர்டர் பண்ணி 6,800 ரூபாய் கட்டிட்டாங்க. புடவை வரலை. போன் நம்பரும் அடிச்சா எடுக்கலை. 1930-க்குக் கூப்பிட்டு புகார் கொடுத்தாச்சு. பொட்டி தட்டுற பையன் குடும்பத்துல இருந்தா இந்த மாதிரி நேரத்துல அவன்தானே மாட்டுவான்? என்னைக் கூப்பிட்டாங்க.

அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன் (அப்போ இன்னும் உயிரோடதான் இருந்துச்சு). அடியில வரிசையா நாலு சின்னம். ஒரு கேடயம், ஒரு டிக் மார்க், ஒரு பூட்டு, "100% பாதுகாப்பானது"ன்னு ஒரு வட்டம். எதைச் சொடுக்கினாலும் எங்கேயும் போகலை. எல்லாம் வெறும் படம். அத்தை அந்தப் படங்களைப் பார்த்துத்தான் நம்பியிருக்காங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை. இருபத்தஞ்சு வருஷமா நாங்கதானே அப்படிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தோம்?

முத்திரையைப் பார்த்து நம்புறது நம்ம ஊருக்கு ஒண்ணும் புதுசில்லை. நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜ சோழன் கொடுத்த தானத்தை அவர் மகன் ராஜேந்திரன் செப்பேட்டுல வெட்டி வெச்சாரு. ஆனைமங்கலச் செப்பேடுன்னு சொல்வாங்க, லெய்டன் செப்பேடுன்னும் பேர் உண்டு. 21 ஏடுகள். எல்லாத்துலயும் ஓட்டை போட்டு, ஒரு கனமான வளையத்துல கோத்து, வளையத்தோட ரெண்டு முனையையும் சேர்த்து அது மேல சோழ முத்திரை. உட்கார்ந்த புலி, ரெண்டு மீன், வில். நடுவுல யாராவது ஒரு ஏட்டைச் சொருகி "இந்த நிலமும் எனக்கு"ன்னு எழுதணும்னா வளையத்தை அறுக்கணும். அறுத்தா தெரிஞ்சுடும். இன்னிக்கு நாங்க டிஜிட்டல் கையெழுத்துன்னு சொல்றதும் முக்கால்வாசி இதே வேலைதான். உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் வெளியே தெரியணும்.

ஆனா ராஜாவோட முத்திரை மட்டும் போதும்னு அந்தக் காலத்துலயே யாரும் விட்டுடலை. ஓலை வந்ததும் நாட்டார் கூடி, பெண் யானையை நடக்கவிட்டு, நிலத்தோட எல்லையைச் சுத்திக் குறிச்சாங்க. ஊரே பார்த்த விஷயம். முத்திரையைப் பொய்யா அடிச்சா அரசனோட கோபத்துக்குப் பதில் சொல்லணும். முத்திரைக்குப் பின்னாடி ஒரு ஆள் இருந்தாருங்கிறதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இனி ஒரே தாவா 1995. நெட்ஸ்கேப் கம்பெனி எஸ்.எஸ்.எல். கொண்டுவருது. உங்க கம்ப்யூட்டருக்கும் கடைக்காரன் சர்வருக்கும் நடுவுல போற கார்டு நம்பரை யாரும் படிக்க முடியாம பூட்டி அனுப்புற முறை. ஆரம்பத்துல பூட்டுப் படம்கூடக் கிடையாது. மூலையில ஒரு சாவி இருக்கும், பாதுகாப்பு இல்லாத பக்கம்னா சாவி உடைஞ்சு கிடக்கும். (எனக்கென்னமோ அதுதான் நல்ல படம்னு தோணுது. உடைஞ்ச சாவியைப் பார்த்தா யாருக்கும் புரியுமே.)

பூட்டி அனுப்புறது சரி, யாருக்கு அனுப்புறோம்? அந்தப் பக்கம் இருக்கறவன் நிஜமாவே அந்தக் கடைக்காரனா? அதை விசாரிச்சு சான்றிதழ் கொடுக்கறதுக்காக ஆர்.எஸ்.ஏ.லேருந்து பிரிஞ்சு அதே 1995-ல வந்தது வெரிசைன். சான்றிதழ் வாங்கினவங்க தளத்துல ஒரு டிக் மார்க் முத்திரை போட்டுக்கலாம். சொடுக்கினா வெரிசைன் பக்கத்துக்கே போய், கம்பெனி பேர், சான்றிதழ் செல்லுபடி ஆகுற தேதி எல்லாம் காட்டும். முறையா வேலை செஞ்சா அது நல்ல ஏற்பாடுதான். சிக்கல் என்னன்னா, சொடுக்கிப் பார்க்கிறவங்க யாரு? படத்தைப் பார்ப்பாங்க, நிம்மதியா கார்டு நம்பரை அடிப்பாங்க.

இந்த வெரிசைன் கதை நம்ம ஏரியாவுக்கு எப்படி வந்துச்சுன்னு பார்த்தா ஆச்சரியமா இருக்கும். கோட்டூர்புரம் பறக்கும் ரயில் ஸ்டேஷன்ல ஏறினா கஸ்தூரிபா நகர், இந்திரா நகர், அப்புறம் திருவான்மியூர். மூணாவது ஸ்டேஷன். இறங்கினா எதிர்ல டைடல் பார்க், 2000 ஜூலையில திறந்தது. அதே வருஷம் அக்டோபர் 17-ல தகவல் தொழில்நுட்பச் சட்டம் அமலுக்கு வந்து, டிஜிட்டல் கையெழுத்துக்கு இந்தியாவுல சட்ட மதிப்பு கிடைச்சுது. யார் வேணா சான்றிதழ் கொடுத்துட முடியாது. அதுக்கு லைசென்ஸ் கொடுக்க டெல்லியில ஒரு கட்டுப்பாட்டாளர். அந்த லைசென்ஸை நாட்டுலயே முதல்ல, 2002-ல வாங்கினது சேஃப்ஸ்கிரிப்ட். டைடல் பார்க்ல இருந்த சத்யம் இன்ஃபோவேயோட (பின்னாடி சிஃபி) கிளைக் கம்பெனி, இந்தியாவுல வெரிசைனோட கூட்டாளி. அதாவது நம்ம ஊர் ஆன்லைன் முத்திரைக்கான முதல் அச்சு வார்க்கப்பட்டது அத்தை வீட்டுலேருந்து மூணு ஸ்டேஷன் தள்ளி. இதை அவங்ககிட்ட சொன்னப்ப, "அப்போ அங்கேயே போய் கேட்டுட்டு வாயேன்"னாங்க.

அமெரிக்காவுல இதுக்குள்ள முத்திரை விக்கிறதே தனித் தொழிலாயிடுச்சு. தனியுரிமைக்கு ஒண்ணு, வைரஸ் இல்லைன்னு ஒண்ணு, நல்ல வியாபாரின்னு ஒண்ணு. 1997-ல லாபநோக்கு இல்லாத அமைப்பா ஆரம்பிச்சு, 2008-ல லாபக் கம்பெனியா மாறினது டிரஸ்ட்இ. அது கொடுத்த முத்திரையை பெஞ்சமின் எடெல்மன்ங்கிற ஆராய்ச்சியாளர் 2006-ல சோதிச்சுப் பார்த்தாரு. முத்திரை வாங்கின தளங்கள், வாங்காத தளங்களைவிட ரெண்டு மடங்குக்கு மேல நம்பத் தகாதவையா இருந்துச்சு! யோசிச்சா காரணம் எளிசு. பேர் எடுத்த கடைக்கு முத்திரை எதுக்கு? ஆளைப் பிடிக்கணும்னு நினைக்கிறவனுக்குத்தான் அது அவசரத் தேவை. 2014-ல அமெரிக்க வர்த்தக ஆணையம் இன்னொண்ணையும் வெளியே கொண்டுவந்தது. வருஷா வருஷம் தளங்களை மறுபரிசோதனை பண்றோம்னு சொன்ன டிரஸ்ட்இ, 2006-லேருந்து 2013-க்குள்ள ஆயிரத்துக்கும் மேல தடவை அதைப் பண்ணவே இல்லை. 2,00,000 டாலர் கட்டி சமரசம் ஆச்சு.

அதுக்கு முன்னாடியே 2010-ல கன்ட்ரோல்ஸ்கேன்னு ஒரு கம்பெனி மாட்டுச்சு. இவங்க முத்திரையில அன்னன்னிக்கு தேதி தானா மாறும். பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? இன்னிக்குக் காலையில யாரோ வந்து சோதிச்சுட்டுப் போயிருக்காங்கன்னுதானே? சில தளங்களை வாரத்துக்கு ஒரு தடவை பார்த்தாங்க, சிலதை வித்ததோட சரி. தேதி மட்டும் மாறிக்கிட்டே இருந்துச்சு. தேதி காட்டுற ஸ்கிரிப்ட் ரெண்டு வரி, எழுத ஒரு நிமிஷம் ஆகும். எனக்குத் தெரியும்.

எப்படித் தெரியும்னு கேட்காதீங்க. சரி, கேட்டுட்டீங்க, சொல்லிடறேன். காலேஜ் முடிச்சு முதல் வேலை, பத்து பேர் இருந்த சின்ன ஆபீஸ். ஊறுகாய் விக்கிற ஒருத்தருக்குத் தளம் செஞ்சு கொடுத்தோம். "மத்தவங்க தளத்துல இருக்கே, அந்தப் பூட்டும் டிக்கும், அதை நம்மளதுலயும் போடுங்க தம்பி"ன்னாரு. அதுக்கு இவ்வளவு ஆகும், சோதனை பண்ணணும்னு சொல்லியிருக்கணும். மேனேஜர் மணியைப் பார்த்தாரு. நான் வேற ஒரு தளத்துலேருந்து ரெண்டு படத்தை ரைட் கிளிக் பண்ணி சேமிச்சு அடியில ஒட்டிட்டேன். பக்கத்துல தேதி மாற ரெண்டு வரி. ஊறுகாய்க்காரர் நேர்மையான மனுஷன், சரக்கு ஒழுங்காப் போச்சு, யாரும் ஏமாறலை. ஆனா அத்தையை ஏமாத்தினவனும் அதே ரைட் கிளிக்தான் பண்ணியிருப்பான்.

போலிப் படம் ஒரு பக்கம். நிஜ முத்திரை அடிக்கிறவங்க கதை அதைவிட மோசம். 2014 ஜூலை 2-ம் தேதி, கூகுள் தளங்களோட பேர்ல யாரோ அனுமதி இல்லாம சான்றிதழ் வாங்கியிருக்கிறதை கூகுளே கண்டுபிடிச்சுது. கொடுத்தது ஏதோ தெருக்கோடிக் கம்பெனி இல்லை, நம்ம மத்திய அரசோட என்.ஐ.சி. அதுக்கு மேல இருந்தது அந்த டெல்லி கட்டுப்பாட்டாளரோட மூலச் சான்றிதழ். மைக்ரோசாஃப்ட் அதை நம்பினதால விண்டோஸ்ல ஓடுற குரோம் உட்பட பெரும்பாலான மென்பொருளும் நம்புச்சு. தனிப் பட்டியல் வெச்சிருந்த ஃபயர்ஃபாக்ஸ் தப்பிச்சுது. மறுநாளே என்.ஐ.சி.யோட சான்றிதழ்களை ரத்து பண்ணினாங்க. என்.ஐ.சி. பக்கம் ஊடுருவல் நடந்திருக்கு, தப்பாப் போனது நாலுதான்னு கட்டுப்பாட்டாளர் அலுவலகம் சொல்லுச்சு. அந்த நாலுல சேராத வேற சிலதும் எங்ககிட்ட இருக்கேன்னு கூகுள் திருப்பிச் சொல்லிட்டு, இந்திய மூலச் சான்றிதழை ஏழே ஏழு களப்பெயரோட நிறுத்திடுச்சு. ராஜமுத்திரையை எடுத்து யாரோ அடிச்சுட்டுப் போன கதைதான். அடுத்த ஊர்க்காரன் பார்த்துச் சொல்ற வரைக்கும் அரண்மனைக்குத் தெரியலை.

வெரிசைனுக்கு நடந்தது இன்னும் பெரிய சரிவு. 2010-ல சான்றிதழ் தொழிலை மட்டும் 128 கோடி டாலருக்கு சிமான்டெக் வாங்குச்சு. அந்த டிக் மார்க்குக்கு இருந்த மதிப்பைப் பாருங்க, சிமான்டெக் தன்னோட லோகோவுலயே அதைச் சேர்த்துக்கிச்சு. 2012-லேருந்து நார்ட்டன் பேர்ல முத்திரை வந்துச்சு. அப்புறம் 2015-ல, கூகுளுக்குத் தெரியாமலே கூகுள் பேர்ல சோதனைச் சான்றிதழ் கொடுத்தது வெளியே வந்தது. 2017-ல இன்னும் குளறுபடிகள். குரோம் இனிமே உங்க சான்றிதழை நம்பாதுன்னு அறிவிச்சுட்டாங்க. தொழிலை டிஜிசர்ட்டுக்கு வித்துட்டு சிமான்டெக் விலகிடுச்சு. 2018 அக்டோபர்ல வந்த குரோம் 70, பழைய சிமான்டெக் சான்றிதழ்களை ஒதுக்கிடுச்சு.

பூட்டுக்கு என்ன ஆச்சு? 2015 டிசம்பர்ல லெட்ஸ் என்க்ரிப்ட் வந்து, சான்றிதழ் எல்லாருக்கும் இலவசம்னு ஆச்சு. நல்ல காரியம், நானே பயன்படுத்தறேன். ஆனா அது சரிபார்க்கிறது "இந்தக் களப்பெயர் இவன் கையிலதான் இருக்கா?"ங்கிறதை மட்டும். அவன் திருடனான்னு பார்க்கிறது அதோட வேலையே இல்லை. திருடனுக்கும் பூட்டு உண்டு. காசு கொடுத்து கம்பெனி பேரை பச்சைப் பட்டையில காட்டுற உயர்ந்த ரகமாவது உதவுச்சான்னா, 2017-ல இயன் கேரல் வேற ஒரு மாநிலத்துல "ஸ்ட்ரைப்"ங்கிற பேர்ல கம்பெனி பதிஞ்சு, அந்தப் பிரபல கம்பெனி பேர்லயே முறையா சான்றிதழ் வாங்கிக் காட்டினாரு. 2019-ல குரோம் அந்தப் பட்டையை எடுத்துடுச்சு. பூட்டோட அர்த்தம் என்னன்னு கேட்டு 2021-ல கூகுள் செஞ்ச ஆய்வுல சரியாச் சொன்னவங்க 11 சதவீதம்தான். 2023 செப்டம்பர்ல பூட்டுப் படத்தையே தூக்கிட்டாங்க. ஆக, அத்தை பார்த்த பூட்டு பிரவுசர் காட்டினதே இல்லை. பிரவுசர் கைவிட்டதைத் திருடன் எடுத்து மாட்டிக்கிட்டான்.

அப்போ நம்ம ஜனங்க ஆன்லைன்ல வாங்கவே பயந்திருக்கணுமே, எப்படிப் பழகினாங்க? 2002-ல ஐ.ஆர்.சி.டி.சி. ஆரம்பிச்சப்போ பணம் கட்டினா ரயில் டிக்கெட் கூரியர்ல வீட்டுக்கு வரும். காகிதம் கைக்கு வந்ததும்தான் அப்பா அதை நம்பினாராம். 2009 ஆகஸ்ட் 1-லேருந்து ஆன்லைன்ல கார்டு போட்டா கூடுதலா ஒரு பாஸ்வேர்டு கட்டாயம்னு ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டுச்சு. கடைக்காரன் வேணாம்னாலும் தப்பிக்க முடியாது. அடுத்து 2010-ல ஃபிளிப்கார்ட், பொருளைக் கொடுத்துட்டுப் பணம் வாங்கிக்கிற முறையைக் கொண்டுவந்துச்சு. என்னைக் கேட்டா இந்தியாவோட நிஜமான நம்பிக்கை முத்திரை அதுதான். அதுல படமே கிடையாது. பொருள் வரலைன்னா நஷ்டம் கடைக்காரனுக்கு. அத்தையும் பத்து வருஷமா அப்படித்தான் வாங்கினாங்க. இந்தப் புடவைக்கு முன்கூட்டியே பணம் கட்டினா 10 சதவீதம் தள்ளுபடின்னு போட்டிருந்தானாம்.

அத்தையை விடுங்க, தங்கம்னு வந்தா அவங்களை யாரும் ஏமாத்த முடியாது. "916 கே.டி.எம்."னு தி.நகர் கடைக்காரங்க போர்டு மாட்டின காலத்துலேருந்து பார்த்தவங்க. 2021 ஜூன்லேருந்து ஹால்மார்க் படிப்படியா கட்டாயமாகி, 2023 ஏப்ரல்லேருந்து ஒவ்வொரு நகையிலயும் ஆறு எழுத்து எண் இருக்கணும். அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில அடிச்சா நகையோட சுத்தம், சோதிச்ச மையம் எல்லாம் வந்துடும். போன வாரம் பேத்திக்குத் தோடு வாங்கப் போனப்ப என்னையும் இழுத்துக்கிட்டுப் போனாங்க. கண்ணாடியை மாட்டிக்கிட்டு, பூதக்கண்ணாடி கேட்டு வாங்கி, எண்ணைப் படிச்சு, செயலியில அடிச்சு, விவரம் வந்த பிறகுதான் பர்ஸைத் திறந்தாங்க.

வெளியே வந்ததும், "இந்த மாதிரி ஆன்லைன் புடவைக் கடைக்கும் ஒரு நம்பர் வெச்சா என்ன?"ன்னு கேட்டாங்க. ஜி.எஸ்.டி. எண்ணை அரசுத் தளத்துல போட்டுப் பார்க்கலாம் அத்தை, ஆனா அதையும் அடுத்தவன்கிட்டேருந்து திருடிப் போடலாம்னு சொன்னேன். ஒண்ணும் பேசலை. ரங்கநாதன் தெருவைத் தாண்டினதும், "அப்போ கதவைத் தட்டுறவன்கிட்டதான் காசு"ன்னாங்க.

நேத்து ராத்திரி அந்த ஊறுகாய்த் தளத்தைத் திறந்து பார்த்தேன். நான் ஒட்டின ரெண்டு படமும் இன்னும் அப்படியே இருக்கு. பக்கத்துல நேத்தைய தேதி. தயவுசெஞ்சு எடுத்துடுங்கன்னு ஊறுகாய்க்காரருக்கும், பழைய மேனேஜருக்கும் மெயில் போட்டிருக்கேன். பதில் வரலை.