பத்திலிருந்து ஒன்றுக்கு

தொழிற்கூடத்தின் காற்றில் எவ்வளவு நஞ்சு கலந்திருக்கலாம்? இக்கேள்விக்கு அரசுகள் ஓர் எண்ணை விடையாகத் தருகின்றன. அவ்வெண் எவ்வாறு பிறக்கிறது என்பதைப் பென்சீனின் வரலாறு நமக்குப் புலப்படுத்துகிறது.

பென்சீன் இனிய மணமுள்ள திரவம்; ரப்பரைக் கரைக்க வல்லது. 1897-இல் சுவீடன் நாட்டின் உப்சாலாவில், சைக்கிள் டயர் செய்யும் ஆலையில் உழைத்த இளம் பெண்கள் இதன் ஆவியை மூச்சில் ஏற்று, எலும்பு மச்சை செயலிழந்து இறந்தனர். மருத்துவர் சான்டெசான் இதனைப் பதிவு செய்தார். இரத்தப் புற்றுநோயோடு இதற்குள்ள உறவு பிரான்சில் 1928-இல் சுட்டப்பட்டது.

ஆயினும், 1946-இல் அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று பரிந்துரைத்த அளவு, காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு. இரண்டே ஆண்டுகளில், முற்றிலும் பாதுகாப்பான அளவு சுழியமே எனப் பெட்ரோலியத் தொழில் அமைப்பின் ஆய்வறிக்கையே ஒப்புக்கொண்டது. எனினும் 1971-இல் அமெரிக்கச் சட்டம் ஏற்ற அளவு 10 பங்கு.

1977-இல் ஒகையோ மாநில ரப்பர் ஆலைத் தொழிலாளரை ஆராய்ந்தோர், அவர்களிடையே இரத்தப் புற்றுநோய் மரணம் எதிர்பார்க்கத் தக்கதைவிடக் குறைந்தது ஐந்து மடங்கு எனக் கண்டனர். மறு ஆண்டே அரசு அளவை 1 பங்காகக் குறைத்தது. தொழில் நிறுவனங்கள் வழக்காடின. 1980 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 10 பங்கில் குறிப்பிடத்தக்க ஆபத்து உண்டென அரசு முதலில் மெய்ப்பிக்க வேண்டும் எனக் கூறி அவ்விதியை நீக்கியது.

அதற்கு அடுத்த ஆண்டில்தான் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றிய தமது சுற்றுமடலை வெளியிட்டார். உடல்நலத்திற்குக் கேடு விளைவிக்காத பணிச்சூழல் தொழிலாளரின் உரிமை என்று அதில் வலியுறுத்தினார்.

அரசு கணக்கிட்டது. 10 பங்கு ஆவியில் பணிக்காலம் முழுதும் உழைக்கும் ஆயிரம் பேரில் ஏறத்தாழ 95 பேர் கூடுதலாக இரத்தப் புற்றுநோயால் இறக்கக்கூடும் என்பது அதன் மதிப்பீடு. 1987-இல் 1 பங்கு மீண்டும் விதியாயிற்று.

சான்று கேட்டது நீதிமன்றத்தின் கடமையாக இருக்கலாம். ஆனால் சான்று திரளும்வரை அந்தக் காற்றைச் சுவாசித்தவர்கள் வழக்காடியவர்கள் அல்லர். ஐயத்தின் பயன் பென்சீனுக்குக் கிடைத்தது, தொழிலாளருக்குக் கிடைக்கவில்லை.

1 பங்கிலும் ஆயிரத்திற்குப் பத்து மரணம் நேரலாம் என்று அதே மதிப்பீடு கூறிற்று. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு ஒன்றைத் தேடிச் சென்ற ஆயனை அறிந்த நாம், இந்தப் பத்துப் பேரை வெறும் எண்ணாகக் கடந்து செல்லலாமா? சட்டம் வகுக்கும் அளவை நாம் மதிப்போம். ஆனால் அதனை நம் மனச்சான்றின் எல்லையாகக் கொள்ளாதிருப்போம்.